பெலுந்தாஸா, சியாம் களையா? தொட்டியில் பூக்கவே மாட்டேங்குது

தாழ்வாரத்_தொட்டி:
வணக்கம். பெலுந்தாஸ் (கொழுந்தைச் சாப்பிடும் கடலோரப் புதர்) என்று சொல்லி ஒருவர் கொடுத்த செடி, இப்போ இடுப்பளவு இருக்கு. இலையைக் கசக்கினால் நல்ல வாசம். ஆனா சியாம் களையும் இப்படித்தான் வாசம் அடிக்குமாமே? உலாமுக்காக (மலாய்ப் பச்சை இலை சாலட்) வாரம் ஒரு தடவை கொழுந்து கிள்ளுறேன். ஆறு மாசமா ஒரு மொட்டுகூட இல்லை. கடலோரச் செடியாச்சே என்று தண்ணியில கொஞ்சம் உப்பும் போடுறேன். அடியில தட்டு வச்சிருக்கேன். கீழ் இலையெல்லாம் மஞ்சளா உதிருது.

சதுப்புக்கரை:
முதல்ல கிள்ளுறதை நிறுத்துங்க, எந்தச் செடின்னு உறுதியாகட்டும். வாசத்தை நம்பாதீங்க, ரெண்டுமே வாசம் அடிக்கும். பூவுக்கும் காத்திருக்க வேண்டாம், தண்டைப் பாருங்க. பெலுந்தாஸில் கணுவுக்கு ஒரே இலை, மாறி மாறி ஏறும். சியாம் களையில் கணுவுக்கு ரெண்டு, எதிரெதிரா நிற்கும். அதன் இலை அடியகன்று நுனி கூரா முக்கோணமா இருக்கும். அடிப்பக்கத்திலேயே நரம்பு மூணா, சூலாயுதம் மாதிரி பிரியும். பெலுந்தாஸ் இலை அதற்கு நேர்மாறு: காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப் பக்கம் அகலம், ஓரத்தில் பல், நடுவில் ஒரே பெரிய நரம்பு.

ரெண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனா சூரியகாந்தி மாதிரி சுற்றிலும் இதழ் எதிர்பார்க்காதீங்க. பெலுந்தாஸில் கிளை நுனியில் அரை சென்டிமீட்டர் அளவுப் பூத்தலைகள் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவில் கொத்தாக நிற்கும். ஒவ்வொரு தலையும் பல குட்டிப் பூக்கள் சேர்ந்தது. சியாம் களையின் தலை ஒரு சென்டிமீட்டர் நீளக் குழாய் மாதிரி, வெளிர் ஊதா அல்லது வெள்ளை. மலாய்க்காரர்கள் அதை 'பொக்கோக் கப்பால் தெர்பாங்', அதாவது விமானச் செடி என்பார்கள். அதில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டு இருக்கு, வாயில் வைக்கிற செடி இல்லை.

தாழ்வாரத்_தொட்டி:
கணுவுக்கு ஒரே இலைதான், மாறி மாறி. நடுநரம்பு ஒண்ணு, ஓரத்தில் பல். நிம்மதி. அப்போ பூ?

மண்கலவை:
அப்போ பெலுந்தாஸ்தான். பூ வராததுக்குக் காரணம் உங்க விரல். இது கிளை நுனியில்தான் பூக்கும். வாராவாரம் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பெருகும், வேலிக்கு அது அருமை, மொட்டு மட்டும் எங்கிருந்து வரும்? பாதிக் கிளைகளை உலாமுக்கு வச்சுக்குங்க, மீதியை இரண்டு மூன்று மாதம் தொடாதீங்க. நேரடி வெயில் நாலு மணி நேரமாவது வேணும். நிழலில் கணு இடைவெளி நீண்டு, செடி ஒல்லியா சாயும்.

உப்பை இன்றே நிறுத்துங்க. இந்தச் செடி உப்பைத் தாங்கும், கேட்காது. சதுப்பு நிலத்தில் அலை வந்து கழுவிட்டுப் போகும், தொட்டியில் உப்பு தங்கிப்போகும். தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, அடித்துளை வழியா முழுக்க வடியவிடுங்க. அடியில் தண்ணி தேங்கும் தட்டையும் எடுத்திடுங்க: வேர் அழுகுவதும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அங்கேதான். 30 சென்டிமீட்டர் தொட்டி, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய எரு போதும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும்.

மாவுப்பூச்சி இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரி ஒளியும். ஒரு லிட்டர் தண்ணீர், 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்கணும். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

சதுப்புக்கரை:
பழைய வேர் கெட்டுப்போயிருந்தால் இப்பவே தண்டு வெட்டி நட்டு வச்சிடுங்க. பென்சில் கனம், 15 சென்டிமீட்டர், பாதி முற்றின தண்டு. பச்சைக் கொழுந்து அழுகிவிடும், முழுக்கக் கட்டையானது வேர்விடச் சுணங்கும். கீழே இரண்டு கணு மண்ணுக்குள், மேலே இரண்டு இலை, அதையும் பாதியா வெட்டிடுங்க. மணலும் தேங்காய்நார்த் தூளும் சமமா கலந்து நிழலில் வைங்க. மூன்று நான்கு வாரத்தில் லேசா இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அதற்குமுன் துளிர் வந்தாலும் ஏமாறாதீங்க, அது தண்டில் மிச்சமிருந்த சத்து.

தண்டுக்காக சிங்கப்பூர்க் கடலோரத்தில் பாசிர் ரிஸ், சுங்கை பூலோ பக்கம் போய் ஒடிக்காதீங்க, பூங்காவிலும் வனப்பகுதியிலும் அது குற்றம். அப்புறம், இது புதர், அகலமா பரவும். வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டு வைங்க.