புறஊதா வடிகட்டியா, தணிப்பியா?

சன்ஸ்கிரீனில் வேலை செய்யும் மூலக்கூறை ‘புறஊதா வடிகட்டி’ என்பது எனக்கு உடன்பாடில்லை. வடிகட்டியில் கசடு தங்கும். இந்த மூலக்கூறிலோ ஆற்றல் தங்கவே கூடாது, தங்கினால் கேடு.

310 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளித்துகளில் ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க அது போதும். அதை வாங்கிய மூலக்கூறு கிளர்வு நிலைக்கு ஏறுகிறது. பிறகு அது ஒளியை உமிழலாம், தானே சிதையலாம், பக்கத்து ஆக்சிசனுக்கு ஆற்றலைக் கைமாற்றி அதை வினைவெறி கொண்டதாக்கலாம். நமக்கு வேண்டியது இவை எதுவுமல்ல. பிணைப்புகளின் அதிர்வாகி வெப்பமாக வெளியேறும் வழிதான். சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் ஆக்சிபென்சோன் என்ற மூலக்கூறு அதைச் செய்கிறது. ஹைட்ராக்சில் புரோட்டான் அருகிலுள்ள கார்பனைல் ஆக்சிசனுக்குத் தாவுகிறது, மூலக்கூறு முறுகுகிறது, சில பிகோநொடிகளில் (ஒரு பிகோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கிளர்வற்ற அடிநிலைக்கு இறங்கிவிடுகிறது. புரோட்டானும் பழைய இடத்துக்கே வந்து சேர்கிறது. அடுத்த ஒளித்துகளை வாங்க மூலக்கூறு தயார்.

‘உறிஞ்சி’ என்றால் பாதி வேலையைத்தான் சொன்னதாகும். சாயமும் உறிஞ்சத்தான் செய்கிறது.

ஆகவே ‘புறஊதாத் தணிப்பி’ என்பது என் பரிந்துரை. சினம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. கிளர்ந்தது அடங்குவதற்குத் தமிழில் ஏற்கெனவே உள்ள சொல் இது. கிளர்வு, தணிவு என்று இணையாகவும் நிற்கும். நிகழ்வைக் ‘கதிர்வீசாத் தணிவு’ எனலாம்.

ஒரு சிக்கல் உண்டு. 357 நானோமீட்டர் அருகே நன்றாக உறிஞ்சும் அவோபென்சோன் என்ற சன்ஸ்கிரீன் மூலக்கூறு, ஈனால் வடிவிலிருந்து அணுக்களின் அடுக்கு சற்றே வேறான கீட்டோ வடிவுக்கு மாறினால் அந்தத் திறனை இழந்து, சிதையவும் தொடங்கும். அதனால் ஆக்டோகிரைலீன் என்ற இன்னொரு மூலக்கூறைச் சேர்க்கிறார்கள். அது அவோபென்சோனின் மும்மை நிலை (நீண்ட நேரம் நீடிக்கும் ஒரு கிளர்வு நிலை) ஆற்றலை வாங்கி அடக்குகிறது. பிறிதொன்றின் கிளர்வை அடக்கும் இந்தப் பணிக்குத் தனிச்சொல் வேண்டும். விளக்கை அவித்தல் என்ற பொருளில் ‘அவிப்பி’ பொருந்தும். ஆக்டினாக்சேட் என்ற மற்றொரு தணிப்பியை அவோபென்சோனுடன் கலந்தால் நடப்பது நேர்மாறு: ஒளியில் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து சீக்கிரம் கெடுகின்றன. தணிப்பிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று துணையல்ல என்பதற்கு இது சான்று.

சன்ஸ்கிரீனில் சேரும் கனிமங்களான துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இரண்டையும், ஒளியைத் திருப்பியடிப்பவை என்ற பொருளில் ‘தெறிப்பி’ என்பதையும் விட்டுவிடலாம். அவை குறைகடத்திகள், புறஊதாவில் சிறு பங்கையே சிதறடித்து, பெரும்பங்கை உறிஞ்சிவிடுகின்றன. ‘கனிமத் தணிப்பி’, ‘கரிமத் தணிப்பி’ என்று ஒரே சொல்லின் கீழ் இருவகையும் அடங்கும்.