புதுப்பிப்பு: கிம்பர்லி சான்றிதழ் போதுமா என்ற என் கேள்வி

மோதிரத்துக்கு வைரம் வாங்கும்போது, அது போருக்குப் பணம் தந்த கல் அல்ல என்று உறுதிசெய்ய, அத்தகைய கற்களின் வணிகத்தைத் தடுக்க நாடுகள் வழங்கும் கிம்பர்லி சான்றிதழைக் காட்டச் சொன்னால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கேள்வியே தவறு என்பது இப்போது புரிகிறது. 2003-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சான்றிதழ், பட்டை தீட்டாத கற்கள் அடங்கிய முத்திரையிட்ட பெட்டியோடு எல்லை கடக்கிறதே தவிர, தீட்டிய தனிக் கல்லோடு கடைவரை வருவதில்லை. அதைவிட உறுத்துவது வரையறை: கிளர்ச்சிப் படைகள் அரசுக்கு எதிரான போருக்குப் பணம் திரட்டப் பயன்படுத்தும் கற்கள் மட்டுமே அதில் மோதல் வைரங்கள். ஆகவே 2008-இல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் வைரம் தோண்டியவர்களை அரசுப் படையினரே கொன்றபோதும், அங்கிருந்து வந்த கற்கள் அந்த வரையறைக்குள் அடங்கவில்லை. இந்தச் சான்றிதழ்த் திட்டம் உருவாகப் பாடுபட்ட, மனித உரிமை மீறல்களை விசாரிக்கும் குளோபல் விட்னஸ் அமைப்பே 2011-இல் அதிலிருந்து விலகியது.

விற்பனையாளர் காட்டிய தர அறிக்கையில் காரட், நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் இருந்தன; உருப்பெருக்கியில் பார்த்தால், கல்லின் விளிம்பில் பொறித்திருந்த எண்ணும் பொருந்தியது. எந்தச் சுரங்கம் என்று கேட்டதும்தான் பேச்சு நின்றுவிட்டது. ஆய்வகத்தில் வளர்த்த கல்லையும் யோசித்தேன் (அதற்கான மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்பது தனி விவகாரம்). கடைசியில், வீட்டிலிருந்த பழைய தோட்டின் கல்லையே கழற்றி மோதிரத்தில் பதிக்கக் கொடுத்துவிட்டேன். அதன் பூர்வீகமும் தெரியாதுதான், ஆனால் புதிதாக எந்தச் சுரங்கத்துக்கும் என் பணம் போகவில்லை.