நடக்க இயலாத குழந்தைக்கு இடுப்பு அறுவை எதற்கு?

கேள்வி – பாலக்கோட்டுத் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்து, கடுமையான பெருமூளை வாதத்துடன் வளர்கிறாள். கை கால் நான்கும் இறுக்கமாக இருக்கின்றன, கழுத்து இன்னும் முழுமையாக நிற்கவில்லை, தானாக உட்காரவோ புரளவோ இயலாது. இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவில், மிகக் கடுமையான 5-ஆம் நிலை என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சென்ற மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்பின் பந்து போன்ற தலை, அது பொருந்தியிருக்க வேண்டிய இடுப்புக் கிண்ணத்தை விட்டு 55 சதவீதம் வெளியே நகர்ந்திருப்பதாகவும், வலது பக்கம் 30 சதவீதம் அளவில் இருப்பதாகவும் சொன்னார்கள். ஒரு மருத்துவர் எலும்பை வெட்டித் திருத்தும் பெரிய அறுவை தேவை என்கிறார். இன்னொருவர், நடக்கப் போகாத குழந்தையின் உடம்பை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்கிறார். என் மாமியார் கேட்பதும் அதேதான். கழுவிவிடக் காலை விரிக்கும்போது மட்டும் முகத்தைச் சுளித்து அழுகிறாள், மற்ற நேரங்களில் சிரித்த முகமாகவே இருக்கிறாள். கணவர் ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்ப்பதால் அறுவைக்குப் பிந்தைய மாதங்களை நான்தான் தாங்க வேண்டும். இந்த வழியில் சென்றவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1 – இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டாவது மருத்துவர் எழுப்பிய கேள்வி எங்கள் சிகிச்சை அறையில் வாரந்தோறும் எழுவதுதான். இந்த அறுவை நடப்பதற்காகச் செய்யப்படுவதன்று. வலியின்றி உட்காரவும், இரவில் தூங்கவும், தொடை இடுக்கைச் சுத்தமாகக் கழுவவும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கவும் செய்யப்படுவது.

இந்தக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போது இடுப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பிறகு, தொடையை உள்ளே இழுக்கும் தசைகளும் மடக்கும் தசைகளும் ஓயாமல் இறுகியிருப்பதாலும், நின்று எடை தாங்கும் வாய்ப்பு இல்லாததால் தொடை எலும்பின் கழுத்து (பந்தைத் தாங்கும் பகுதி) நிமிர்ந்தும் முன்பக்கமாகத் திரும்பியும் நின்றுவிடுவதாலும், பந்து சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படுகிறது. பந்து உள்ளே அழுந்தி உட்காராத கிண்ணம் ஆழமாக வளர்வதில்லை. 2006-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் குழந்தைகளைப் பற்றி வெளியான ஆய்வில், தாமாக நடந்து திரியும் 1-ஆம் நிலைக் குழந்தைகளில் ஒருவருக்கும் இந்த விலகல் இல்லை, உங்கள் மகளைப் போன்ற 5-ஆம் நிலைக் குழந்தைகளில் 90 சதவீதத்தினருக்கு இருந்தது. ஆகவே நீங்கள் எதையோ தவறவிட்டதால் இது வந்தது என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பந்து வெளியே வந்துவிட்டால் கவனிக்க வேண்டிய கட்டம். பாதியைத் தாண்டிவிட்டால் அது தானாகத் திரும்புவது மிக அரிது, பெரும்பாலும் மேலும் நகரும். போடாக்ஸ் ஊசியும் கால்களை விரித்து வைக்கும் பட்டையும் இறுக்கத்தைத் தளர்த்திக் கழுவுவதை எளிதாக்கும், ஆனால் நகர்வைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பிக் காலத்தைக் கடத்தக் கூடாது. என் கையால் செய்யும் பயிற்சிக்கும் இதே வரம்பு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தசையை மட்டும் நீட்டிவிடும் சிறிய அறுவை, 5-ஆம் நிலைக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நிலைத்த பலன் தருவதில்லை. அதனால்தான் தொடை எலும்பின் மேல்பகுதியை வெட்டிக் கோணத்தைத் திருத்தித் தகடு வைத்துப் பூட்டுவதையும், தேவையானால் கிண்ணத்தின் கூரையை இறக்கிப் பந்தை மூடுவதையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

தெற்கு சுவீடனில் 1994 முதல் இக்குழந்தைகள் அனைவரையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்து, உரிய நேரத்தில் சிகிச்சை தந்து வந்ததில், மூட்டு முழுவதுமாக நழுவுவது மிகவும் அரிதாகிவிட்டது. நம் பக்கத்தில் குழந்தை வலியால் அலறும் வரை பெரும்பாலும் யாரும் படம் எடுப்பதில்லை. அந்த நிலையில் பந்தின் குருத்தெலும்பு தேய்ந்து உருக்குலைந்திருந்தால், மூட்டைச் சீரமைக்கும் வாய்ப்பே போய்விடுகிறது.

பதில் 2 – காவேரிப்பட்டணத்துத் தந்தை

சகோதரிக்கு வணக்கம். என் மகனுக்கு எட்டு வயதில் இரண்டு பக்கமும் இந்த அறுவை நடந்தது, இப்போது பதினொரு வயது. பலன் கிடைத்தது என்று மனதாரச் சொல்வேன், ஆனால் எளிதாகக் கிடைக்கவில்லை.

முதலில், அறுவைக்கு முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள். என் மகன் மிகவும் மெலிந்திருந்தான். மூன்று மாதம் எடை கூட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது, அது எவ்வளவு சரியான முடிவு என்பது பின்னால்தான் விளங்கியது. வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் குறைவாக இருக்கும், வலிப்பு மாத்திரைகள் சிலவும் அதைக் குறைக்கும். நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்று கூழ் கொடுத்து வந்தோம், ஆனால் வைட்டமின் டி இல்லாவிட்டால் அந்தச் சத்து உடம்பில் ஒட்டாது என்று மருத்துவர் சொன்ன பிறகே சொட்டு மருந்தும் சேர்த்தோம். விழுங்கும்போது புரை ஏறும் குழந்தையாக இருந்தால், கூழின் பதத்தைக்கூட மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே கொடுங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் என்ற மாத்திரை தருகிறீர்கள் என்றால் அறுவை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தப்போக்கு கூடக்கூடும் என்பதால் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள்.

இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுடன் ஆறு வாரம் வைத்திருந்தோம். எல்லா இடத்திலும் மாவுக்கட்டு போடுவதில்லை, கால்களுக்கு இடையில் அணைப்பு மட்டும் வைத்து அனுப்புவோரும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுக்குள் குதிகால் புண்ணாகிவிடும் என்பதால் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் மனைவியும் மாறி மாறித் திருப்பிப் படுக்க வைத்தோம். கட்டைப் பிரித்த இரண்டாம் வாரம், நான் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. அசையாமல் கிடந்த எலும்பு மெலிந்திருக்கும், பயிற்சியாளர் காட்டித்தரும் முறையில்தான் தூக்க வேண்டும் என்பது எனக்கு அதற்குப் பிறகே தெரிந்தது. அந்த நாளை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது. நீங்கள் மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே தூக்கும் முறையை இருவரும் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது அவன் சிறப்பு நாற்காலியில் இரண்டு மணி நேரம் அழாமல் உட்காருகிறான். குளிப்பாட்டும்போது தொடையை விரிக்க முடிகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான நிரமயா காப்பீட்டிலும் என்னென்ன பெற முடியும் என்று, நாள் குறிக்கும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

பதில் 3 – அரூரிலிருந்து ஒரு அம்மா

மகளே, நான் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவள். என் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது நெஞ்சுச் சளியும் வலிப்பும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன, மயக்க மருந்தை அவன் தாங்குவான் என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. அந்தச் சூழலில் நான் எடுத்த முடிவுக்காக இன்று என்னை நானே தண்டித்துக்கொள்வதில்லை, ஆனால் விளைவை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

இரண்டு இடுப்புமே நழுவிவிட்டன. இடது பக்கம் வலிப்பதாகத் தெரியவில்லை. வலது பக்கம் பதினான்கு வயதிலிருந்து வலிக்கிறது. பேச முடியாத பிள்ளை என்பதால், இரவில் திருப்பிப் படுக்க வைக்கும்போது விழித்து அலறுவதை நாங்கள் ஒரு வருடம் வலிப்பின் தொடக்கம் என்று எண்ணி மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். கால்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் நாற்காலியில் நேராக உட்கார வைக்க இயலவில்லை, முதுகெலும்பும் வளைந்துகொண்டு வருகிறது. இப்போது எங்களுக்குச் சொல்லப்படும் வழி, பந்தை அகற்றி வலியைக் குறைக்கும் அறுவை மட்டுமே. அதிலும் வலி அடங்கச் சில மாதங்கள் ஆகலாம் என்கிறார்கள். உன் மகள் கழுவும்போது அழுவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைச் சிறியது என்று விட்டுவிடாதே.

மீண்டும் – பாலக்கோட்டுத் தாய்

மூவருக்கும் என் நன்றி. அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இன்று மாலை கழுவும்போது கவனித்தேன். இடது தொடையை விரிக்கையில் மட்டுமே அழுகிறாள். பழைய கோப்பைத் தேடியதில், ஐந்து வயதில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது, அதில் எந்தச் சதவீதமும் எழுதப்படவில்லை. அதை இப்போது அளக்க முடியுமா?

பதில் – இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி

முடியும் அம்மா, அந்தப் படம் மிகவும் முக்கியமானது. இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு வேகமாக நகர்ந்திருக்கிறது என்பதை அதிலிருந்துதான் அறிய முடியும். ஆனால் அப்போது கால்கள் நேராக, முழங்கால் சில்லு மேல்நோக்கி இருக்கும்படி படுக்க வைத்து எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். கால் உள்ளே திரும்பியோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால் அளவு மாறிவிடும். இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் ஒருவரிடம் செல்லுங்கள். வலது பக்கத்தைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். இடதை மட்டும் திருத்திவிட்டு வலதை விட்டுவைத்தால், பிறகு அந்தப் பக்கமும் நழுவி மறுபடி அறுவை அறைக்குச் செல்ல நேர்வதுண்டு.