ஸ்நார்க்கெல்: மூச்சுக்குழலா, மூச்சுத்தண்டா, உயிர்த்தூம்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரம். அரையாண்டு விடுமுறைக்கு நாங்களும் அண்ணன் குடும்பமும் அந்தமான் போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர். அங்கே கரையை ஒட்டியே பவளப்பாறை இருப்பதால், தண்ணீரில் முகத்தை வைத்து மிதந்துகொண்டே மீன்களைப் பார்க்கலாம். அதற்கான சாமான் வாங்குவது மைனியின் (அண்ணியின்) வேலை. என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. அரைத் தாள் எழுதுவதற்குள் மூன்று இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஸ்நார்க்கெல் என்கிற, வாயில் கவ்வும் குழாயை ‘மூச்சுக்குழல்’ என்றும், கண்ணில் மாட்டுவதை ‘முகமூடி’ என்றும், செய்யப்போகும் காரியத்தை ‘முக்குளிப்பு’ என்றும் எழுதி அனுப்பினேன். அடுத்த நிமிடம் மைனி கூப்பிட்டார். “முக்குளிப்புன்னா? பிள்ளைகளைத் தண்ணிக்கு அடியிலயா விடப்போற?” முகமூடி என்றதும் கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருப்பதே போதாதா என்று கேட்டார். சிரித்தேன், ஆனால் தப்பு என் சொல்லில்தான்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. போன முறை ஒரு கடையில் ‘தண்ணீர்க் கண்ணாடி’ என்று கேட்டு, நீச்சல் குளத்தில் மாட்டுகிற சின்னக் கண்ணாடி நாலு ஜோடி வாங்கி வந்தோம். அதில் மூக்கு வெளியே இருக்கும். தண்ணீரில் முகத்தை வைத்ததும் மகள் மூக்கு வழியாக மூச்சிழுத்துப் புரையேறி, அன்றைக்கு முழுவதும் கரையில்தான் உட்கார்ந்திருந்தாள். பெயரிலேயே மூக்கு இருந்திருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டோம்.

சொல்லுங்கள்.
– நாகர்கோவில்

*

‘மூச்சுக்குழல்’ வேண்டாம் அம்மா. என்னிடம் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டும். உயிரியல் பாடத்தில் அந்தப் பெயருக்கு இடம் பதிவாகிவிட்டது.

ஆனால் அந்தத் தொண்டைக் குழாய்க்கும் உங்கள் குழாய்க்கும் ஓர் உறவு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் வாங்குவதும் எளிது. சும்மா இருக்கும்போது பெரியவர் ஒருவர் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லி அளவுக்கு மூக்கிலும் தொண்டையிலும் கிளைக்குழாய்களிலுமே நின்றுவிடும், காற்றறைகளுக்குப் போய்ச் சேராது. வாயில் இன்னொரு குழாயைக் கவ்வினால் அந்த வீண் இடம் இன்னும் நீள்கிறது. விட்ட மூச்சில் ஒரு பங்கையே திரும்ப இழுக்கிறோம். பெரியவர் சமாளித்துக்கொள்வார். பிள்ளையின் மூச்சே சிறியது, அதில் பாதியைக் குழாயே தின்றுவிட்டால் என்ன மிஞ்சும்? பிள்ளைகளுக்குக் குட்டையான, ஒடுக்கமான குழாயாகத் தனியே வாங்குங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரிய அளவில் வாங்க இது பள்ளிச் சீருடை இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் குளத்தில் பப்பாளி இலைத் தண்டை வெட்டி, ஒரு முனையை வாயில் வைத்துத் தண்ணீருக்குள் உட்காருவோம். தண்டின் பால் உதட்டில் பட்டு அரிக்கும், இருந்தாலும் விட மாட்டோம். முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் சுகமாக மூச்சு வரும். நீளத் தண்டாகப் பார்த்து எடுத்துப் படித்துறையின் கீழ்ப்படிக்கு இறங்கினால் நெஞ்சு விரியவே விரியாது. ஏதோ பேய் பிடித்து அமுக்குகிறது என்று நினைத்தோம். பிறகு இயற்பியல் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 100 கிராம் எடைக்குத் தண்ணீர் அழுத்துகிறது. மேலே இருக்கும் காற்றை அங்கிருந்து இழுக்க நெஞ்சுத் தசைக்குத் தெம்பு போதாது. கடையில் கிடைக்கும் குழாய் எல்லாம் ஒரு முழத்துக்குள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே என் முன்மொழிவு ‘மூச்சுத்தண்டு’. செயலுக்குக் ‘கவிழ்நீச்சல்’ என்று வைக்கலாமா?
– மார்த்தாண்டம்

*

டீச்சர், மூச்சுத்தண்டுக்கு என் ஓட்டு. கவிழ்நீச்சலுக்கு இல்லை.

கடலுக்குப் போகிற வீட்டில் ‘கவிழ்’ என்ற சொல்லைச் சும்மா எடுக்க மாட்டோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு சுத்தமாகவே எடுப்பதில்லை. விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளின் சாமான் பட்டியலில் அந்தச் சொல் இருக்க வேண்டாம், கேட்டால் எங்கள் அம்மாவுக்கு வயிறு கலங்கும்.

முக்குளிப்பும் சரி வராது. எங்கள் பக்கம் தலையோடு தண்ணீருக்குள் போவதற்கு ‘முங்கு’ என்போம். குளச்சல், கடியப்பட்டணம், முட்டம் பாறைகளில் சிப்பி எடுக்கிறவர்கள் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து, முங்கித்தான் எடுக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் போனால் சங்கு குளிப்பது, முத்துக் குளிப்பது என்பார்கள். அங்கே ‘குளி’ என்றாலே முங்குவதுதான். இவர்கள் எல்லாரும் கீழே போய்த் திரும்புகிறவர்கள். உங்கள் காரியத்தில் முகம் மட்டும்தான் முங்குகிறது, முதுகு வெயிலில் காய்கிறது. (முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் முதுகு அப்பளமாகிவிடும்.) ‘முகமுங்கு நீச்சல்’ என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.

கண்ணாடி விஷயம். மூக்கு வெளியே இருக்கும் கண்ணாடியோடு இரண்டு ஆள் ஆழம் முங்கினால் கண்ணைப் பிடுங்குகிற மாதிரி இழுக்கும். மூக்கும் உள்ளே இருந்தால், மூக்கால் துளி காற்று விட்டுச் சரிசெய்துவிடலாம். காது அடைத்தாலும் ரப்பருக்கு மேலே மூக்கைப் பிடித்து ஊதலாம். அதனால் ‘மூக்குமூடிக் கண்ணாடி’. நியாயமாகப் பார்த்தால் இதற்குத்தான் ‘மூக்குக்கண்ணாடி’ என்று பெயர் வைத்திருக்க வேண்டும். மூக்கின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது அந்தப் பெயரை முந்திக்கொண்டுவிட்டது.

இன்னொன்று. வாங்கியதைப் பழகிப் பார்க்கிறேன் என்று நம்மூர்க் கடலில் இறங்கிவிடாதீர்கள். சொத்தவிளையோ சங்குத்துறையோ, இது அலை அடித்துக் கலக்கும் கடல், மணலைத் தவிர ஒன்றும் தெரியாது. அதைவிட முக்கியம் கள்ளக்கடல். காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை ஓசையில்லாமல் வந்து கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். குளத்திலோ நீச்சல் குளத்திலோ பழகுங்கள்.

சொல் பேசுகிற இடம் என்பதால் அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளக்கடல் மலையாளக் கரை மீனவர் வாயில் பிறந்தது. 2012இல் யுனெஸ்கோ ஏற்று, இன்றைக்கு அறிவியல் கட்டுரைகளில் அப்படியே எழுதுகிறார்கள். நம் கரையிலிருந்து உலகுக்குப் போன சொல் என்று கட்டுமரத்தைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துவிட்டது, இனி இதைச் சொல்லலாம்.
– குளச்சல்

*

அன்பர்களே, கடலறியாத தோவாளைக்காரன் நான், பூவும் ஏடும்தான் தெரியும். இருந்தாலும் ஒரு பழைய சொல்லைக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஸ்நார்க்கெல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபடியே காற்றை வாங்க மேலே நீட்டும் குழாய்க்கு இட்ட பெயர். குறட்டை விடுவதற்கு அவர்கள் சொல்லும் சொல்லோடு அதற்கு உறவு. ஆக நேர்ப்பொருள் பார்த்தால் நாம் ‘குறட்டைக்குழல்’ என்று வைக்க வேண்டிவரும். பயப்படாதீர்கள், முன்மொழியவில்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் யானையின் தும்பிக்கையை விளக்கும்போது, முங்குகிறவர்கள் நீருக்கு மேலிருந்து காற்றை வாங்க வைத்திருக்கும் கருவியைப் போன்றது அது என்கிறார். இங்கே மலைபடுகடாத்தில் கூத்தரின் இசைக்கருவிகளை அடுக்கும் இடத்தில் ‘களிற்றுயிர்த் தூம்பு’ வருகிறது. யானையின் கைபோல நீண்டு, அது பெருமூச்சு விடுவதுபோல ஒலிக்கும் ஊதுகருவி. யானை, மூச்சு, குழாய் மூன்றும் ஒரே தொடரில்! உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், தூம்பு என்றால் உள்ளே துளையுள்ளது. களிற்றைக் கரையில் நிறுத்திவிட்டு ‘உயிர்த்தூம்பு’ என்று எடுத்துக்கொள்ளலாமே?
– தோவாளை

*

வணக்கம். மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன், ஊர் கருங்கல். இங்கே வெள்ளிக்கிழமைதோறும் இதே வேலை.

ஐயாவின் சொல் அழகு. ஆனால் தூம்பு என்றால் அகராதியில் மதகும் வருகிறது, சாக்கடை வழியும் வருகிறது. வாயில் வைக்கிற சாமான் ஐயா! என்னைக் கேட்டால் ஸ்நார்க்கெல் என்றே விட்டுவிடலாம், கடைக்காரருக்குப் புரிய வேண்டுமே.

பெயர் எதுவானாலும் முகம் முழுவதையும் மூடுகிற ஒற்றைக் கண்ணாடி வேண்டாம் என்று எழுதுங்கள். பார்க்க வசதியாக இருக்கும், பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். மூக்கைப் பிடிக்க முடியாது, பதற்றத்தில் சட்டென்று கழற்ற வராது, சரியாகச் செய்யாததில் விட்ட மூச்சு உள்ளேயே சுற்றும். வாயில் கவ்வுகிற குழாய் என்றால் துப்பிவிட்டு நிமிரலாம். குழாயின் உச்சியில் அலை ஏறினால் மூடிக்கொள்ளும் மிதவையும், அடியில் தண்ணீரை ஊதித் தள்ள ஒரு வால்வும் இருந்தால் புதியவர்களுக்கு நல்லது.

கண்ணாடியை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. விலையைப் பார்த்து வாங்குவதைவிட இதைப் பார்த்து வாங்குங்கள். சிலிக்கான் விளிம்பும் உறுதியேற்றிய கண்ணாடியும் போதும். மீசைக்காரர்களுக்கு மட்டும் ஒழுகும்.
– மஸ்கட்

*

எல்லாருக்கும் நன்றி. முடிவு என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, என் பட்டியலுக்கு நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

உயிர்த்தூம்பை விட மனமில்லை. வீட்டில் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். மாமியார் ‘உயிருக்கு என்ன ஆச்சு’ என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அதோடு வைத்துவிட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும், அது கவிதைக்கு இருக்கட்டும். மஸ்கட் தம்பி சொல்வதுபோல ஸ்நார்க்கெல் என்றே விட்டால் கடைக்காரருக்குப் புரியும், ஆனால் மைனிக்குப் புரியாது, பட்டியல் மைனிக்குத்தான். ‘மூச்சுத்தண்டு’ என்றதும் என் மகள் முருங்கைக்கீரைத் தண்டை வாயில் வைத்துக் காட்டினாள். அது குட்டையாகத்தான் இருக்கும் என்பதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. குழல், குழாய் என்றால் எவ்வளவு நீளத்துக்கும் போகலாம்.

‘மூக்குமூடிக் கண்ணாடி’ மறுபேச்சில்லாமல் நிற்கிறது. காலில் மாட்டுவதற்குத் ‘துடுப்புச் செருப்பு’ என்று நானே எழுதிவிட்டேன், குட்டையானதாக, பெட்டியில் அடங்குகிற மாதிரி. நீச்சல் தெரியாத மாமனாருக்கு மிதவைச் சட்டை. செயலுக்கு முகமுங்கு நீச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சென்னைக்காரர்களுக்கு முங்கு புரியுமா என்று தெரியவில்லை. சென்னை நண்பர்கள் யாராவது சொன்னால் தேவலை.

பட்டியலை நேற்று அனுப்பினேன். இன்று மாலை மைனியிடமிருந்து செய்தி வந்தது, அப்படியே தருகிறேன்:

“மூச்சுத்தண்டு பெருசு நாலு, சின்னது மூணு வாங்கியாச்சு. கண்ணாடி எல்லாருக்கும் இழுத்துப் பாத்தாச்சு, ஒட்டுது. உங்க அண்ணனுக்கு மட்டும் அஞ்சு மாத்தியும் நிக்கல. மீசைய எடுக்கணுமான்னு கேக்கறாவ. பட்டியல்ல அத எழுதலையே நீ?”
– நாகர்கோவில்