ஆக்ஸ்-எல்டிஎல் 78: இந்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா?

செந்தூல்வாசி:

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் மைத்துனருக்கு மாரடைப்பு. வயது 49. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். ஆனால் முந்தின ஆண்டு அவர் எடுத்திருந்த கொலஸ்டரால் அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தால், சிவப்பு மையில் ஓர் எண்கூட இல்லை. என் மனைவிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. "ஒழுங்காக இருந்த என் தம்பிக்கே வந்துவிட்டதே, உங்களுக்கு?" என்று என்னைத் துரத்த ஆரம்பித்தாள். எனக்கு 56. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். சிகரெட்டை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துரத்துவதில் நியாயம் உண்டு.

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். வழக்கமான பட்டியலோடு "கெட்டுப்போன கொழுப்பு" என்று ஒரு சிறப்புப் பரிசோதனையும் இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றார் அங்கிருந்த பெண். கூடுதலாக 350 வெள்ளி (ரிங்கிட்). மைத்துனர் முகம் நினைவுக்கு வந்தது, தலையாட்டிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. மொத்தக் கொலஸ்டரால் 5.4, நல்ல கொலஸ்டரால் எனப்படும் எச்டிஎல் 1.0, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 2.1, கெட்ட கொலஸ்டரால் எனப்படும் எல்டிஎல் 3.4. கடைசிப் பக்கத்தில் தனியாக, சிவப்புக் கட்டத்துக்குள், ஆக்ஸ்-எல்டிஎல், அதாவது ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போன எல்டிஎல், 78. அறுபதுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். விளக்கம் சொல்ல வந்தவர் டாக்டர் இல்லை, ஆலோசகர். உங்கள் கொழுப்பு இரத்தத்துக்குள்ளேயே துருப்பிடிக்கிறது என்றார். துருவை எடுப்பதற்கு வைட்டமின் ஈ, சி இரண்டும் கலந்த மாத்திரை, மூன்று மாதத்துக்கு 480 வெள்ளி. அதையும் வாங்கிக்கொண்டு எல்ஆர்டி ரயில் ஏறினேன். செந்தூல் நிலையம் வருவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பரிசோதனையை யாராவது எடுத்திருக்கிறீர்களா? எடுத்து என்ன செய்தீர்கள்?

பழைய கிள்ளான் சாலைக்காரன்:

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் பிழைக்கிறவன். அந்த வேலையை என் கையாலும் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் அறிக்கையில் எல்டிஎல் 3.4 என்று இருக்கிறதே, அதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. கணக்குப் போட்டு எழுதுகிறோம். மொத்தக் கொலஸ்டராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து வருவதையும் கழிப்பது. 1972இல் ஃப்ரீடுவால்டும் அவருடைய கூட்டாளிகளும் கொடுத்த வாய்பாடு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், 3.4 வரும். டிரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

ஆக்ஸ்-எல்டிஎல் அப்படி இல்லை. அது பொறி வைத்துப் பிடிக்கிற வேலை. ஒவ்வோர் எல்டிஎல் துகளையும் அப்போ-பி என்ற ஒரே ஒரு புரதம் சுற்றிக் கட்டியிருக்கிறது. துகள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அந்தப் புரதத்தின் முகம் மாறிவிடும். மாறிய முகத்தை மட்டும் அடையாளம் காணும் 4இ6 என்ற எதிர்ப்பொருளை, பெல்ஜியத்தின் லூவனில் ஹோல்வூட் என்பவரின் குழு எலிச் செல்லிலிருந்து உருவாக்கியது. தட்டின் குழிகளில் அதைப் பூசி வைத்திருப்பார்கள். உங்கள் பிளாஸ்மாவை ஊற்றினால் மாறிய துகள்கள் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவலில் போய்விடும். பிறகு அப்போ-பியைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருள், அதன் வாலில் ஒரு நொதி. நிறமூட்டியை விட்டால் நீலம், அமிலத்தை விட்டால் மஞ்சள். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு எண். பார்க்க அழகான வேலை, இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

இப்போது வில்லங்கம். அந்த எதிர்ப்பொருள் கெடாத எல்டிஎல்லையும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஆகவே யாருக்கு எல்டிஎல் அதிகமோ அவருக்கு இந்த எண்ணும் ஏறியே வரும். இன்னொன்று, நன்றாகக் கெட்டுப்போன துகள் இரத்தத்தில் உலாவிக்கொண்டிருக்காது. கல்லீரல் அதை விரைவாக எடுத்துவிடும். உண்மையான அழிவு இரத்தக்குழாயின் சுவருக்குள் நடக்கிறது. நாம் அளப்பது வெளியே கசிந்த, அரைகுறையாக மாறிய சரக்கை. வேறு கம்பெனியின் பரிசோதனைக் கிட்டில் அளவுகோலே வேறு, உங்கள் 78ஐ அங்கே கொண்டுபோய் ஒப்பிட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தம் உடலை விட்டு வெளியே வந்த பின்பும் ஆக்சிஜனேற்றம் நிற்காது. இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்து, குளிரில் வைத்து, சீக்கிரம் சுழற்றிப் பிரித்து, உறையவைக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையின்போது, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய பெட்டி மூன்று நாள் அப்படியே கிடந்தது. திறந்தால் உலர்பனி ஆவியாகிப்போய் குழாய்கள் வேர்த்துக்கொண்டு நிற்கின்றன. மேலாளர் "அனுப்பிவிடு" என்றார். அனுப்பினேன். எண்கள் வந்தன, அச்சடித்துக் கொடுத்தோம். யாருடைய துரு அது, அவர்களுடையதா, எங்கள் பெட்டியுடையதா? இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார், பட்டர்வொர்த்:

வைட்டமின் ஈ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1994இலிருந்து ஒன்பது ஆண்டுகள், தினமும் ஒரு 400 யூனிட் உருண்டை. ஃபெரிப் படகில் அக்கரைக்குப் போகும்போதுகூடச் சட்டைப்பையில் இருக்கும். அந்தக் காசில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

முட்டாள்தனம் என்று முழுதாகச் சொல்லமாட்டேன். கோட்பாடு அவ்வளவு அழகு. அடைபட்ட குழாயின் சுவரில் நுரை போலக் கொழுப்பு நிரம்பிய செல்கள் இருக்கும். அவை பெரும்பாலும் இரத்தத்தின் துப்புரவுப் பணியாளர்களான பெருவிழுங்கிகள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் சாதாரண எல்டிஎல்லைக் கொடுத்தால் அவை அப்படி வயிறு முட்டத் தின்பதில்லை. 1979இல் கோல்ட்ஸ்டைனும் பிரவுனும் எல்டிஎல்லை வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான், அள்ளி அள்ளி விழுங்கின. (1985இல் நோபல் வாங்கிய அதே இருவர்தான்.) அப்படியானால் உடலுக்குள் எல்டிஎல்லை மாற்றுவது எது? ஆக்சிஜனேற்றம் என்று சொன்னவர்கள் ஸ்டைன்பர்க்கின் குழுவினர். 1989இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை பெரும்பேர் பெற்றது. எழுதியவர்களில் ஒருவர் சம்பத் பார்த்தசாரதி, இன்னொருவர் கூ. நம் பெயர் ஒன்று, பினாங்கில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் ஒருவர் திரும்பிப் பார்க்கும் பெயர் ஒன்று. எனக்கு அந்தக் கட்டுரை பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

துரு பிடித்தால் துரு தடுப்பான் போடு. எங்கள் தலைமுறை அப்படித்தான் நம்பியது. 2002இல் பிரிட்டனில் இதயப் பாதுகாப்பு ஆய்வின் முடிவு வந்தது. 20,536 பேர், ஐந்து ஆண்டுகள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம். இதயத்துக்கு ஒரு பயனும் இல்லை. அதே ஆய்வில், அதே மனிதர்களிடையே, கொலஸ்டராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் தெளிவாகக் குறைந்தன. அதைப் படித்த மறுநாள் புட்டியைத் தூக்கி எறிந்தேன் என்று சொல்ல ஆசை. மிச்சம் இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன். சம்பளக்காரன் புத்தி.

கோட்பாடு பொய் என்று ஆகிவிடவில்லை. மருந்துதான் பொய்த்தது. தம்பி, அந்த 480 வெள்ளியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

கெப்போங் இளைஞன்:

அப்படியானால் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், திரும்பத் திரும்பச் சூடாக்கும் எண்ணெய்? மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் செம்பனை எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்த அழுத்தம் ஏறியது என்று படித்தேன். ரொட்டி சானாய் சாப்பிடுகிறவன் எலியா மனிதனா என்பதுதான் என் கேள்வி.

ஜெலுத்தோங் அக்கா:

எண்ணெயை விடு தம்பி, எங்கள் வீட்டில் நெய்யே பஞ்சாயத்துக்கு வந்தது. 1987இல் லான்செட் இதழில், நம் நெய்யில் உள்ள ஸ்டெரால்களில் 12.3 விழுக்காடு ஆக்சிஜனேற்றம் அடைந்த கொலஸ்டரால், புது வெண்ணெயில் அது இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மருமகள் கண்டுபிடித்து என்னிடம் காட்டினாள். நெய்யில் இருப்பது வேறு, இரத்தத்தில் தட்டு வைத்துப் பிடிக்கிறார்களே அந்தத் துகள் வேறு என்று சொல்லி, சர்க்கரைப் பொங்கலைக் காப்பாற்றினேன். தினமும் கரண்டி கரண்டியாக விடச் சொல்லவில்லை, பண்டிகைக்கு.

இப்போது செந்தூல் தம்பிக்கு. எனக்கு 61, அதனால் உரிமையோடு கேட்கிறேன். மாரடைப்பு வந்தது உங்கள் மனைவியின் தம்பிக்கு. ஊசி குத்திக்கொண்டது நீங்கள். உங்களுக்கும் அவருக்கும் இரத்த உறவே கிடையாது. உங்கள் மனைவியின் இரத்தத்தை யார் பார்த்தது?

ஏன் கேட்கிறேன் என்றால், என் அப்பா 52 வயதில் போனார், தோட்டத்தில் மெலிந்த ஆள். என் அண்ணனுக்கு 50இல் அடைப்பு. அவருடைய எல்டிஎல்லும் பார்வைக்கு நல்ல பிள்ளைதான். ஜார்ஜ்டவுனில் அவரைப் பார்த்த இதய மருத்துவரிடம், இதே ஆக்ஸ்-எல்டிஎல் எடுக்கலாமா என்று நான் கேட்டேன். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "அதற்குப் பதிலாக எல்பி-ஏ எடுங்கள். ஒரு முறை எடுத்தால் பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் போதும்" என்றார். அது எல்டிஎல்லைப் போன்ற துகள்தான், கூடவே ஒரு வால் புரதம் ஒட்டியிருக்கும். பெற்றோரிடமிருந்து வருவது. உணவைக் குறைத்தாலும் நடந்தாலும் பெரிதாக அசையாது, ஸ்டாட்டினும் குறைக்காது. இரத்தத்தில் அலையும் ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளைப் பெரும்பாலும் சுமப்பதும் இதுதானாம். ஆக, நீங்கள் தேடிப் போன துருவின் மூட்டை இந்த வண்டியில்தான் ஏறியிருக்கிறது.

125 நானோமோலைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றார். அண்ணனுக்கு 210. எனக்கு 18. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்! அண்ணன் பிள்ளைகள் மூவரில் இருவருக்கு ஏறி இருக்கிறது. அந்த எண்ணைக் குறைக்க அவர்களுக்கு மருந்து கொடுக்கவில்லை. மற்றதையெல்லாம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், எல்டிஎல், அழுத்தம், சிகரெட். பெரியவன் சிகரெட்டை விட்டுவிட்டான். தாத்தாவின் படத்தைக் காட்டி நான் இருபது ஆண்டு கத்தியும் விடாதவன்.

செந்தூல்வாசி:

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மனைவியிடம் காட்டினேன். "எனக்கு என்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றாள். கடைசியாக எப்போது இரத்தம் எடுத்தாய் என்று கேட்டேன். சின்ன மகனைப் பெற்றபோது என்றாள். அவனுக்கு 24 வயது.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். ஜாலான் ஈப்போவில் எங்கள் பழைய கிளினிக் டாக்டரிடம் அறிக்கையைக் கொண்டுபோனேன். சிவப்புக் கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. வயது, அழுத்தம், மொத்தக் கொலஸ்டரால், எச்டிஎல், சிகரெட், சர்க்கரை என்று ஃப்ரேமிங்ஹாம் என்ற ஆபத்துக் கணக்கைப் போட்டார். பத்து ஆண்டில் எனக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரக்கூடிய வாய்ப்பு 20 விழுக்காட்டைத் தாண்டியது. "இந்த 78 இல்லாமலேயே உங்களுக்கு மாத்திரை தேவை" என்று ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அந்த எண் 40 என்று வந்திருந்தால்? "அப்போதும் இதையேதான் எழுதியிருப்பேன்." 350 வெள்ளிக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அந்தச் சிவப்புக் கட்டம் இல்லையென்றால் நான் அவரிடம் போயிருப்பேனா என்பதும் சந்தேகம்.

மூன்று மாதத்தில் எல்டிஎல் 1.9. ஆக்ஸ்-எல்டிஎல்லை மறுபடியும் எடுக்கவில்லை. எல்டிஎல் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கியிருக்கும் என்று கிள்ளான் சாலை அண்ணன் தனியாகவும் சொன்னார். வாத்தியார் ஐயா, காசைத் திருப்பிக் கேட்டேன். புட்டியைத் திறந்துவிட்டீர்களே என்றார்கள்.

நாளைக் காலை மனைவிக்கும், வரும் சனிக்கிழமை மைத்துனருக்கும் அவருடைய மகளுக்கும் எல்பி-ஏ எடுக்கப் பதிந்துவிட்டேன். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்று தாதி சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் மனைவி சம்மதித்தாள். பசியாறிவிட்டுப் போகிறோம்.