'கெர்னல் பேனிக்' என்பதற்குத் 'திகைப்பு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வன்பொருளையும் நிரல்களையும் ஆளும் இயங்குதள மையத்தைக் கருனி ('கெர்னல்') என்கிறோம். அது மேலே தொடர முடியாத பிழையில் சிக்கி நின்றுவிடுவதும், அப்போது திரையில் வரும் செய்தியும் ஆங்கிலத்தில் 'கெர்னல் பேனிக்' எனப்படும். இதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவின் சென்ற மடலில் முன்வைக்கப்பட்ட 'கருனிப் பீதி' என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. அகராதியின்படி அதில் பிழையில்லை. ஆனால், அந்தச் செய்தி திரையில் வரும் நேரத்தில் கருனி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துப் பெயர் வைப்போமானால், அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடமே இருக்கிறது.

சென்ற வாரம் பெருந்துறையில் எங்கள் வீட்டுப் பழைய கணினிக்காக லினக்ஸ் இயங்குதளத்தின் கருனியை மூல நிரலிலிருந்து நானே தொகுத்தேன். வேண்டாத இயக்கிகளை (சாதனங்களைக் கையாளும் நிரல்களை) ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தபோது, வன்தட்டை இணைக்கும் 'சாட்டா' முறைக்கான இயக்கியைக் கருனிக்குள்ளேயே சேர்க்காமல், வட்டிலிருந்து பிறகு ஏற்றும் தனிக் கூறாக விட்டுவிட்டேன். அந்தக் கூறைத் தொடக்கத்திலேயே எடுத்துக் கொடுக்க வேண்டிய 'இனிட்ராம்எஃப்எஸ்' படிமத்தையும் உருவாக்கவில்லை. மறுதொடக்கம் செய்ததும் வரிகள் மளமளவென்று ஓடி, 'கெர்னல் பேனிக் – நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)' என்ற செய்தியோடு நின்றன. வட்டமுனை கொண்ட அந்தப் பழைய விசைப்பலகையின் விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். வன்தட்டைத் திறக்க இயக்கி வேண்டும்; அந்த இயக்கியோ வன்தட்டுக்குள் இருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியதற்கு ஒப்பானது இது. செய்தியின் கடைசியில் உள்ள இரண்டு எண்கள் சாதனத்தின் முதன்மை எண்ணும் துணை எண்ணும் ஆகும். இரண்டும் சுழியாக இருந்தால், வேர்க் கோப்பமைப்பு ('ரூட் எஃப்எஸ்', அதாவது இயங்குதளத்தின் கோப்புகள் தொடங்கும் இடம்) இருக்கும் சாதனத்தையே கருனியால் இனங்காண முடியவில்லை என்று பொருள். அங்கே 8,1 என்பது போன்ற எண்கள் இருந்தால் வட்டு தெரிந்துவிட்டது, அதிலுள்ள கோப்பமைப்பைப் படிக்கும் இயக்கிதான் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தொடக்கப் பட்டியலிலிருந்து பழைய கருனியைத் தேர்ந்து உள்ளே போய், சாட்டா இயக்கியைக் கருனிக்குள் சேர்த்து மீண்டும் தொகுத்ததில் கணினி எழுந்துகொண்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பீதி கொண்டவர் ஓடுவார், அலறுவார், கையில் இருப்பதைக் கீழே போடுவார். கருனி அப்படி எதுவும் செய்வதில்லை. இதற்குமேல் நடந்தால் கேடு என்று தெரிந்த இடத்தில் அது நின்றுகொள்கிறது. 'நாட் சிங்கிங்' (வட்டோடு ஒத்திசைக்கவில்லை) என்ற சொற்களும் அதையே காட்டுகின்றன: நினைவகத்தில் உள்ளவற்றை இனி நம்ப முடியாது என்பதால், அவற்றை வட்டில் எழுதி அங்கே இருப்பதையும் கெடுத்துவிடாமல் கருனி கையை எடுத்துக்கொள்கிறது. கணினி தொடங்கும்போது 'பேனிக்=10' என்று கருனிக்கு நாம் அளபுரு (அமைப்பு மதிப்பு) கொடுத்திருந்தால் பத்து வினாடி கழித்து மறுதொடக்கம் செய்யும்; கொடுக்காவிட்டால், வழக்கமான அமைப்பில், நாம் வந்து பார்க்கும்வரை அப்படியே நிற்கும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டியவர்களுக்கு இது புதிதன்று. ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தறி நின்றுவிடும். நிற்காவிட்டால் துணி கெடும். தறி பயந்துவிட்டது என்று அங்கே யாரும் சொல்வதில்லை, 'தறி நின்னுக்கிச்சு' என்றுதான் சொல்வார்கள்.

வழி தெரியாமல் அசையாது நிற்பதைத் தமிழில் 'திகைத்து நிற்றல்' என்கிறோம். திகை என்பதற்குத் திசை என்ற பொருளும் உண்டு. வேர் எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்று தெரியாமல் நின்ற என் கணினிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே 'கருனித் திகைப்பு' என்பதை முன்வைக்கிறேன்.

நம் குழுவின் திருச்செங்கோட்டு அம்மா அவர்கள் ஒரு தடையை எழுப்பக்கூடும். நம் கொங்குப் பக்கத்தில் 'பொண்ணுக்கு எடம் திகைஞ்சிருச்சு' என்றால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று பொருள். விலை திகைந்தது என்றும் சொல்கிறோம். நல்ல செய்திக்கு வழங்கும் சொல்லைப் பிழைச் செய்திக்கு வைக்கலாமா? வைக்கலாம் என்றே கருதுகிறேன். அது திகைதல், இது திகைத்தல். திகைந்தது என்பதும் திகைத்தது என்பதும் நம் ஊர்க் காதுக்கு வேறு வேறு சொற்களே. திகைப்பு என்று பெயர்ச்சொல்லாக எழுதும்போது குழப்பத்துக்கே இடமில்லை.

இதனோடு, கருனி பிழையைக் கண்டும் முழுதும் நின்றுவிடாதபோது வரும் 'ஊப்ஸ்' என்னும் செய்திக்கும் சொல்லை முடித்துவிடலாம். அப்போது கருனி பிழை செய்த செயல்முறையை (ஓடிக்கொண்டிருந்த நிரலை) மட்டும் நீக்கிவிட்டு, இயன்றவரை தொடர்ந்து ஓடுகிறது. கால் தட்டினாலும் நடை நிற்பதில்லை என்பதால் அதற்கு 'இடறல்' என்று வைக்கலாம். எந்தச் செய்தியும் இல்லாமல் கணினி முடங்கிப்போவதற்கு 'உறைவு' போதும்.

என் திரையில் வந்த வரி தமிழில் இவ்வாறு அமையும்: 'கருனித் திகைப்பு – வட்டில் எழுதப்படவில்லை: வேர்க் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை, சாதனம் அறியப்படவில்லை (0,0)'. ஆனாலும், தீர்வு தேடுபவர் மூல வரியை எழுத்து மாறாமல் இட்டே தேட வேண்டியிருப்பதால், உதவிப் பக்கங்களில் மூல வரியை மேலேயும் தமிழ் வரியை அதற்குக் கீழேயும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோப்பமைப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் 'மவுன்ட்' என்பதற்கு 'ஏற்று' என்று எழுதியிருக்கிறேன். 'பொருத்து' என்பவர்கள் தங்கள் காரணத்தை எழுதினால் அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்வோம்.