கேரட் போடுவது ‘கேம்பிள்’ ஆகுமா? பந்தயமும் துணிவும் சார்ந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஓர் ஐயம்

கோத்தகிரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பெரும்பாலோர் பச்சைத் தேயிலை பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சிறு விவசாயிகளின் பிள்ளைகள். சிலருடைய வீட்டில் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போடுகிறார்கள். பெற்றோரின் தொழிலைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி தன் தந்தை ஆண்டுதோறும் கேரட்டில் ‘கேம்பிள்’ செய்கிறார் என்று எழுதியிருந்தாள். “கேரட் போடுவது சூதாட்டம் மாதிரிதான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தவள் என்பதால், அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். விதைத்து, களையெடுத்து, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அன்றைய விலை என்னவாக இருக்குமோ என்று காத்திருக்கும் ஒரு மனிதரை, அந்த வாக்கியத்தைப் படிப்பவர் சூதாடி என்று எண்ணிவிடக் கூடாதே என்பது என் கவலை.

இதையொட்டி வேறு சொற்களும் நினைவுக்கு வருகின்றன. தேர்தல், கிரிக்கெட், சந்தை பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘பெட்’, ‘வேஜர்’, ‘ஸ்டேக்’, ‘ஆட்ஸ்’, ‘ஹெட்ஜ்’, ‘டார்க் ஹார்ஸ்’ என்று வந்துகொண்டே இருக்கின்றன. அகராதியோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பந்தயம், பணயம், சூது என்ற சொற்களையே மாற்றி மாற்றித் தருகிறது. எதை எங்கே பயன்படுத்துவது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பிள்ளைகளுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

உதகை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

அம்மா, தங்கள் கவலை நியாயமானது. அந்த மாணவியின் வாக்கியத்தில் ஒரு சிறு மாற்றம் போதும். ‘கேம்பிள்’ வினைச்சொல்லாக ஒரு மனிதரைப் பற்றி வரும்போது, பணம் வைத்து ஆடும் பழக்கம் உடையவர் என்ற பொருளே முதலில் தோன்றும். அதே சொல் பெயர்ச்சொல்லாகி, ஒரு செயலைக் குறித்து வரும்போது அந்த இழுக்கு நீங்கிவிடுகிறது. ‘மை ஃபாதர் கேம்பிள்ஸ்’ என்றால் தந்தையின் மீது பழி விழும். ‘குரோயிங் கேரட்ஸ் இஸ் அ கேம்பிள்’ என்றால், முடிவு நம் கையில் இல்லாத தொழில் என்பது மட்டுமே பொருள். அவள் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நினைத்ததும் அதுதான். ஆகவே எழுவாயை மாற்றச் சொல்லுங்கள். அவளுடைய எண்ணத்தை மாற்றத் தேவையில்லை.

‘ரிஸ்க்’ என்ற சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்பதையும் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று கருதுகிறேன். ‘டேக் அ ரிஸ்க்’ என்றால் அறிந்தே துணிவது. ‘ரன் அ ரிஸ்க்’ என்றால் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆபத்துக்கு ஆட்பட்டு நிற்பது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகக்கூடும் என்ற நிலையில் இருக்கும் விவசாயி ‘ரன்’ செய்கிறார். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு, கடன் வாங்கிக் காய்கறிக்கு மாறுகிறவர் ‘டேக்’ செய்கிறார். ‘டேக் அ சான்ஸ்’ என்பதும் துணிவதுதான். ஆனால் ‘ரிஸ்க்’ இழப்பின் பக்கம் நின்று பேசுகிறது, ‘சான்ஸ்’ கிடைக்கக்கூடியதன் பக்கம் நின்று பேசுகிறது. இன்று தொழிற்சாலைச் சுவர்களில் ஆபத்து எச்சரிக்கையாகத் தொங்கும் ‘ஹசார்ட்’ என்ற சொல்கூட, இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயராக இருந்தது என்பதைச் சொன்னால் மாணவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே வளர்ந்தவன்:

உதகைக் குதிரைப் பந்தய மைதானத்தின் வேலியை ஒட்டி வளர்ந்தவன் என்ற முறையில், பந்தயத்திலிருந்து வந்த சொற்களை மட்டும் விளக்குகிறேன். அந்த நிலத்தை 2024-ஆம் ஆண்டு மாவட்ட நிர்வாகம் தன் வசம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் கோடை தொடங்கும்போது குதிரைகள் வந்து இறங்கிய காலத்தில் எங்கள் தெருவில் பலரும் பேசிய ஆங்கிலம் இந்த ஆங்கிலம்தான்.

‘ஸ்டேக்’ என்பது நாம் எடுத்து வைக்கும் தொகை, அதாவது பணயம். பெரிய பந்தயங்களின் பெயரோடு ‘ஸ்டேக்ஸ்’ என்று சேர்ப்பதற்குக் காரணம், குதிரை உரிமையாளர்கள் ஆளுக்கொரு தொகை கட்டி, அது பரிசுப் பணத்தில் சேர்ந்த பழைய வழக்கம். எனவே ஒன்று ‘அட் ஸ்டேக்’ என்று செய்தியில் வந்தால், தோற்றால் கையைவிட்டுப் போகக்கூடியது எது என்று கேட்டுப் பொருள் கொள்ள வேண்டும். மானமும் உயிரும்கூட அவ்வாறு ‘அட் ஸ்டேக்’ ஆகலாம். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு ‘ஸ்டேக்’ இருக்கிறது என்றால், அங்கே அதற்குப் பங்கு என்று பொருள்.

பலரும் இடறுகிற சொல் ‘ஆட்ஸ்’. ‘ஃபைவ் டு ஒன்’ என்றால், 100 ரூபாய் கட்டியவர் வென்றால் 500 ரூபாய் லாபமும் கட்டிய 100 ரூபாயும் சேர்த்து 600 ரூபாய் பெறுவார். இதை ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று மொழிபெயர்ப்பது தவறு. தோற்பதற்கு ஐந்து பங்கு, வெல்வதற்கு ஒரு பங்கு என்று ஆறு பங்காக வைப்பதால், அது ஆறில் ஒரு வாய்ப்பு. ஓடும் குதிரைகள் அனைத்துக்கும் புக்கி, அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவர், கொடுக்கும் ‘ஆட்ஸ்’களை இப்படி வாய்ப்பாக மாற்றிக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டும், அந்த மிகுதியில்தான் அவருடைய வருமானம் இருக்கிறது. கட்டுகிறவர்கள் மொத்தத்தில் தோற்பதற்கான கணக்கு ஓட்டம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது என்பதை, சொல்லோடு சேர்த்து மாணவர்களுக்கு விளக்கினால் நல்லது. ‘அகெயின்ஸ்ட் ஆல் ஆட்ஸ்’ என்று ஒருவரைப் பாராட்டும்போது, எல்லாக் கணக்கும் எதிராக இருந்தும் வென்றவர் என்பதே கருத்து.

‘டார்க் ஹார்ஸ்’ என்பது நிறத்தைக் குறிப்பதில்லை. அதன் திறன் வெளியே தெரியாமல் மறைந்திருக்கிறது என்பதே பொருள். நம் விளையாட்டுப் பக்கங்களில் கறுப்புக் குதிரை என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. 1844-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எவரும் எதிர்பாராமல் வேட்பாளராகி அதிபரான ஜேம்ஸ் போல்க்கை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ‘வின் ஹேண்ட்ஸ் டவுன்’ என்பது, வெற்றி உறுதியான பிறகு ஜாக்கி கையைத் தாழ்த்திக் கடிவாளத்தைத் தளர விடுவதிலிருந்து வந்தது. ‘நெக் அண்ட் நெக்’ என்பது, இரண்டு குதிரைகள் கழுத்தோடு கழுத்தாகச் சமமாக ஓடுவது.

குன்னூர் வழக்கறிஞர்:

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். இருந்தாலும் அந்த மாணவியின் தந்தையைப் பற்றிய கேள்விக்கு இன்னும் அடிப்படையான விடை ஒன்று உண்டு. இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்கிக்கொள்வது பந்தயம். ஏற்கெனவே இருக்கிற ஆபத்தைச் சுமப்பது தொழில். இரண்டு பேர் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் மீது பணம் கட்டாமல் இருந்திருந்தால், எந்த அணி வென்றாலும் அவர்களுக்கு இழப்பு இல்லை. கேரட் விலை விழுந்தால் விவசாயிக்கு ஏற்படும் இழப்போ அவர் கட்டிய பந்தயத்தால் வந்ததன்று.

சட்டமும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவில், ‘வேஜர்’ வகையிலான உடன்பாடுகள் செல்லாது என்கிறது. வென்றவர் அந்தப் பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்கு வர முடியாது. அதே பிரிவு, 500 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்காகப் பணம் திரட்டுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ‘பெட்’ என்பது அன்றாடப் பேச்சுக்குரியது, ‘வேஜர்’ என்பது சட்டத்துக்கும் எழுத்துக்கும் உரியது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். காப்பீடும் வெளித்தோற்றத்தில் பந்தயம்போலவே இருக்கும்: ஒரு நிகழ்ச்சி நடந்தால் பணம், நடக்காவிட்டால் கட்டியது போய்விடும். ஆனால் காப்பீடு எடுப்பவருக்கு அந்தப் பொருள் அழிந்தால் உண்மையான இழப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதைப் பந்தயத்திலிருந்து பிரித்துவிடுகிறது.

‘கேமிங்’ என்ற சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இன்றைய பிள்ளைகளுக்கு அது கைப்பேசி விளையாட்டு. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கேமிங் சட்டத்திலோ அது பணம் வைத்து ஆடுவதைக் குறிக்கிறது. திறமை மேலோங்கியதா, தற்செயல் மேலோங்கியதா என்பதே இதில் நீதிமன்றங்கள் பார்க்கும் கேள்வி. குதிரைப் பந்தயத்தில் திறமையே மேலோங்குகிறது என்று 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாட்டரிச் சீட்டில் திறமைக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு எத்தனை வீடுகள் மூச்சுவிட்டன என்பதை இந்த மலையில் அறியாதவர் குறைவு.

கோத்தகிரி ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மாணவியிடம் வாக்கியத்தைத் திருத்தித் தந்தபோது, காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ‘ஹெட்ஜ்’ என்பதை எப்படி விளக்குவது? சீட்டாட்டத்திலிருந்து வந்த தொடர்களைக் கற்பிக்கும்போது, பிள்ளைகளுக்குச் சீட்டாடக் கற்றுத் தருகிறேன் என்று பெற்றோர் வருந்தாமல் இருக்க என்ன செய்யலாம்?

உதகை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

ஒரு பக்கம் பணம் கட்டியவர், அது தோற்றால் இழப்பு முழுவதும் தம் மேல் விழாமல் இருக்க எதிர்ப்பக்கத்திலும் சிறிது கட்டிவைப்பதே ‘ஹெட்ஜ்’. லாபம் குறையும், ஆனால் அடியும் குறையும். தோட்டத்தில் பாதி கேரட், பாதி உருளைக்கிழங்கு போடுவதைச் சிலர் ‘ஹெட்ஜிங்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு ‘ஸ்பிரெடிங் த ரிஸ்க்’, அதாவது ஆபத்தைப் பல இடங்களில் பிரித்து வைப்பது, என்பதே பொருந்தும். விளைச்சலில் ஒரு பகுதிக்கு முன்கூட்டியே ஒரு வியாபாரியிடம் விலை பேசி முடித்துவிடுவதுதான் ‘ஹெட்ஜ்’ என்பதற்கு நெருக்கமான உதாரணம். பேச்சில் ஒரு பக்கமும் சாயாமல் மழுப்புவதையும் இதே சொல்லால் குறிப்பார்கள்.

சீட்டாட்டத் தொடர்களுக்கு ஆட்டத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘அபவ் போர்டு’ என்பது கைகளை மேசைக்கு மேலே எல்லோரும் பார்க்க வைத்திருப்பது, எனவே ஒளிவுமறைவின்மை. ‘பிளஃப்’ என்பது இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டுவது. ‘கால் ஹிஸ் பிளஃப்’ என்பது “சரி, செய்து காட்டு” என்று நிற்பது. ‘பாஸ் த பக்’ என்பது, சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் அடையாளப் பொருளை அடுத்தவரிடம் தள்ளுவதிலிருந்து வந்தது. இன்று பொறுப்பைத் தட்டிக்கழிப்பதைக் குறிக்கிறது. துருப்புச் சீட்டு என்ற சொல் நம் செய்தித்தாள்களில் நாள்தோறும் வருகிறது; அதைப் படித்த எந்தப் பெற்றோரும் ‘டிரம்ப் கார்டு’ என்று கற்பிப்பதற்கு வருந்தப் போவதில்லை.